முள், டியூப், பம்பு: செட்டிநாட்டுச் சாலையில் சைக்கிள் நின்றுவிட்டால் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஞாயிறு விடியலில் காரைக்குடியிலிருந்து கிளம்பி, கானாடுகாத்தான் பக்கமோ குன்றக்குடி பக்கமோ சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்விட்டு இட்லி நேரத்துக்குள் வீடு திரும்பும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். பத்துப் பேர் வந்தால் அவர்களில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் இருவர். கழன்ற செயினை மாட்டத் தெரிந்தவர் நால்வர். மைத்துனரைக் கைப்பேசியில் அழைத்துக் காரோடு வரச் சொல்லப் பத்துப் பேருக்கும் தெரியும். வாரந்தோறும் சாலையோரத்தில் நின்றபடி ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது. என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பஞ்சர் ஆனால் அடுத்த கடைவரை தள்ளிக்கொண்டு போனால் போயிற்று. இதையெல்லாம் நான் எதற்குக் கற்க வேண்டும்?

அடுத்த கடை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். வேப்பமரக் கிளையில் பழைய டயர் தொங்க, கீழே இரும்புச் சட்டியில் தண்ணீரும் பக்கத்தில் உயரமான கைப்பம்பும் இருந்த மரத்தடிக் கடைகளை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்டதும் அவர்கள்தான். இப்போது அந்த இடங்களில் இருப்பவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகள். அங்கே கம்பிரஸர் உண்டு, உங்கள் சைக்கிளுக்கான டியூப் கிடையாது. அதுவும் ஞாயிறு காலை 6 மணிக்குக் கதவே திறந்திருக்காது.

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. இங்கே வீடுகள் பெரியவை, ஆட்கள் குறைவு. ஒரு தெருவில் முகப்புத் தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் வீட்டின் வாசலில் நின்று குரல் கொடுத்தால், திண்ணையில் படுத்திருக்கும் நாய்தான் எழுந்து பார்க்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் தருவார். ஊரைத் தாண்டிவிட்டால் கண்மாய்க்கரை, பொட்டல், சீமைக்கருவேலம். நிழல் தரும் மரத்தைத் தேட வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் ஒரு காலத்தில் தள்ளியவன்தான். கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில் முன்சக்கரம் காற்றிழந்து நின்றபோது என் பையில் கேமரா, பவர் பேங்க், பேரீச்சம்பழம் எல்லாம் இருந்தன, பம்பு இல்லை. பால்கேன் கட்டிய பழைய சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். இரண்டு கரண்டிக் காம்பை வைத்து டயரை நெம்பி, கால் மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார். பிறகு என் சைக்கிளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன விலை தம்பி?” என்றார். சொன்னேன். “பம்பு தனியாகத்தான் வாங்க வேண்டுமோ?” என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அன்று மாலையே பம்பு வாங்கினேன்.

நம் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பஞ்சர்?

முள். இரண்டு வகை முள்.

முதலாவது சீமைக்கருவேலம். சாலையோரம் நிற்கும் மரத்தால் வரும் தொல்லையைவிட, வெட்டி எடுத்துப் போகும்போது வரும் தொல்லை அதிகம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிச் செல்கையில் சிறு கிளைகள் தார்ச்சாலையில் உதிர்கின்றன. காய்ந்த முள் ஆணிபோல் இறுகியிருக்கும். கனத்த டயரையும் துளைக்கும்.

இரண்டாவது நெருஞ்சி. மழைக்குப் பிறகு தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்போது படம் எடுக்கத் தோன்றும். காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரிந்து உதிரும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து நிலம் காயத் தொடங்கும் தை, மாசியில்தான் எங்களுக்கு அதிகப் பஞ்சர். கருவேல முள் ஒரு ஓட்டையோடு விட்டுவிடும். நெருஞ்சி அப்படியில்லை, நாலைந்து ஓட்டை போடும். ஆகவே வண்டியை நிறுத்துவதற்கும் படம் எடுப்பதற்கும் சாலையை விட்டு மண்ணில் இறக்காதீர்கள். இறக்கத்தான் வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு போங்கள்.

பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

சீட்டுக்குக் கீழே தொங்கும் சிறு பையில் அடங்குவது போதும்: உங்கள் சக்கர அளவுக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், ஒட்டுகளும் சொல்யூஷனும் உப்புத்தாளும் அடங்கிய சிறு பெட்டி, 4, 5, 6 எம்எம் ஆலன் கீ, ஒரு பழந்துணி. பம்பைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். சக்கரம் நட்டுப் போட்டதாக இருந்தால் அந்த அளவு ஸ்பானரும் வேண்டும். பெரும்பாலும் 15 எம்எம். கியர் சைக்கிள்காரர்கள் தங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்றைப் பையின் மூலையில் போட்டு வைக்கலாம்.

வாங்கும் முன் வால்வைப் பாருங்கள். பழைய சைக்கிளில் வால்டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழாய் போட்ட வால்வு. பல மலைச் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு. பந்தயச் சைக்கிளில் நுனியில் குட்டித் திருகு உள்ள மெல்லிய வால்வு. ஒன்றுக்கு உரிய பம்பு மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம். நண்பர் ஒருவர் பம்பு, டியூப் இரண்டும் வாங்கி ஒரு வருடம் சுமந்தார். தேவைப்பட்ட நாளில்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று தெரிந்தது.

சொல்யூஷன் குழாயை ஒருமுறை திறந்துவிட்டால், மூடி வைத்தாலும் நம் வெயிலில் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சரி, பஞ்சர் ஒட்டுவதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

முதலில் சாலையை விட்டு இறங்கி நிழலுக்குப் போங்கள். காற்றுப்போன சக்கரத்தில் ஏறி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டியூப் கிழியும், ரிம்மும் அடிவாங்கும்.

சக்கரத்தை மெல்லச் சுற்றி முள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிடுங்கும் முன் டயரின் பக்கவாட்டில் பேனாவால் கோடு போடுங்கள். பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, பலர் பயந்து பின்வாங்கும் இடம்: சக்கரத்தைக் கழற்றுவது. அது தேவையே இல்லை. அந்தக் காலக் கடைக்காரர்கள் ஒட்டுப் போடுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிளைப் படுக்க வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்து, ஓட்டையுள்ள இடத்தில் டியூபை ஒரு முழம் உருவுவார்கள், அவ்வளவுதான். டியூபையே மாற்றுவதென்றால்தான் சக்கரம் கழல வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பயப்படுபவர்கள் இந்தப் பழைய முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். டயரின் இரு ஓரங்களையும் விரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளுங்கள்; அப்போதுதான் டயர் தளரும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு லீவரைச் செருகி நெம்புங்கள். ஒரு சாண் தள்ளி இரண்டாவது. பிறகு கையாலேயே உரித்துவிடலாம். லீவரை ஆழமாகக் குத்தினால் டியூபில் நீங்களே புது ஓட்டை போடுவீர்கள்.

டியூபை உருவிக் கொஞ்சம் காற்றடியுங்கள். ஓட்டை பெரிதென்றால் சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய் மெல்ல நகர்த்துங்கள். விரலுக்குத் தெரியாத காற்று கன்னத்துக்குத் தெரியும். அப்படியும் அகப்படாவிட்டால் தண்ணீர். ஊருணிக்கு ஊருணி இருக்கும் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. ஆனால் குடிக்கும் ஊருணியில் டியூபை முக்காதீர்கள். பாட்டிலிலிருந்து ஊற்றிப் பாருங்கள்.

ஓட்டையை மையமாக வைத்துப் பேனாவால் பெரிய கூட்டல்குறி போடுங்கள். சிறிதாகப் போட்டால் உப்புத்தாள் அதை அழித்துவிடும்; பிறகு ஓட்டையை மறுபடி தேட வேண்டும். ஈரம் துடைத்து, ரப்பரின் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒட்டைவிடச் சற்று அகலமாக, மெல்லிய பூச்சாகச் சொல்யூஷன் தடவுங்கள்.

இனி காத்திருங்கள். ஒட்டு நிற்பதும் பெயர்வதும் இங்கேதான் தீர்மானமாகிறது. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போது ஒட்டை வைப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்பேன். ஐந்து நிமிடம் விடுங்கள். பளபளப்புப் போய் மங்கலாக வேண்டும். அவசரப்பட்டு வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் படும். ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாதவர்கள் அந்த நேரத்தில் டயரைச் சோதிக்கலாம். உட்புறம் முழுவதும் பழந்துணியால் துடைத்துக்கொண்டு வாருங்கள். முள்ளின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் உங்கள் விரல்தான் அடுத்த டியூப்.

பிறகு ஒட்டின் அடிப்பக்கத் தாளை உரித்து, ஒட்டும் பரப்பில் விரல் படாமல், கூட்டல்குறியின் நடுவில் வைத்து நாணயத்தாலோ கரண்டியின் முதுகாலோ ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய தாளை உரிக்க வேண்டாம். உரிக்கும்போது ஓரம் எழும்பும்.

டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரைக் கட்டைவிரல்களால் தள்ளி ஏற்றிக்கொண்டு வந்து வால்வருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் ஏற மறுக்கும். அங்கே லீவரை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். ஓரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் இடம் கிடைக்கும். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, டியூப் எங்காவது ஓரத்தில் நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள். எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும்.

பிரேக்கைக் கழற்றியிருந்தால் மீண்டும் மாட்டிவிட்டீர்களா? பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஒட்டினேன். அரை மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிட்டது.

முள் டயரிலேயே இருந்திருக்கும். இல்லையென்றால் நெருஞ்சி போட்ட இரண்டாவது ஓட்டை. இவ்விரண்டும் இல்லையென்றால் டியூபைத் திரும்ப எடுத்து ஓட்டை எங்கே என்று பாருங்கள்; அது இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். பாம்பு கடித்த தடம்போல் அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். ரிம் பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் முனையை மூடும் உள்பட்டை நகர்ந்திருக்கிறது. பழைய டியூபிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டிப் போட்டால் போதும். வால்வின் அடியில் கிழிசல் என்றால் அந்த டியூபுக்கு விடை கொடுங்கள். அங்கே ஒட்டு நிற்காது.

ஓட்டையே இல்லாமல் இரவோடு இரவாக இறங்கினால் வால்வு நுனியில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி அதுதான். பழைய வகை என்றால் வால்டியூப் காய்ந்து வெடித்திருக்கும். மிகச் சிறிய செலவில் தீரும் இந்த நோய்க்குப் புது டியூப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு டியூபில் எத்தனை ஒட்டுவரை போடலாம்?

ஒட்டின்மேல் ஒட்டு ஏறாதவரை போடலாம். என் பின்சக்கரத்தில் ஏழு இருக்கின்றன.

சொல்யூஷன் தேவைப்படாத, ஸ்டிக்கர் போன்ற ஒட்டு நல்லதா?

வீடு வந்து சேர உதவும். நம் சூட்டில் சில நாளிலேயே ஓரம் எழும்புவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். வீட்டில் அதை எடுத்துவிட்டுச் சரியாக ஒட்டுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கலாமா?

தடித்த வால்வாக இருந்தால் அடிக்கலாம். மெல்லிய வால்வுக்குச் சிறு பித்தளை இணைப்பு ஒன்று வேண்டும். அங்கே காற்று வரும் வேகம் லாரிக்கும் காருக்கும் ஏற்றது. சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறிது என்பதால் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், நடுவில் டயரைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

டியூப்லெஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இராதே?

நெருஞ்சி நாட்டில் அது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அதுவும் வெயிலில் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தவரின் டியூப்லெஸ் டயர் வெறும் டயர்தான். பெரிய கிழிசல் விழுந்தால் அப்போதும் ஒரு டியூபைப் போட்டுத்தான் வீடு வர வேண்டும். ஆக, பம்பும் டியூபும் பையிலேயே இருக்கட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் கழன்றுவிட்டது. எப்படி மாட்டுவது?

மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். பலர் பதற்றத்தில் இன்னும் வேகமாக மிதித்து, செயினைச் சட்டத்துக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் அது சாதாரணக் கழற்சி அல்ல, மல்யுத்தம்.

கியர் சைக்கிள் என்றால் பின்னால் தொங்கும் கியர் கையை முன்பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள், செயின் தளரும். முன் பல்சக்கரத்தின் அடிப்பற்களில் செயினைக் கோத்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் தானே ஏறிக்கொள்ளும். கியர் இல்லாத சைக்கிளில் முதலில் பின்பக்கம் மாட்டி, பிறகு முன்பக்கம் அதே போல. கையில் கரி படக்கூடாது என்றால் ஒரு பூவரசிலையைப் பறித்து மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கழன்றால் செயின் தொய்ந்திருக்கிறது. கியர் இல்லாத சைக்கிளில் பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, நேராக நிறுத்தி முறுக்கினால் சரியாகும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கக் கூடாது. கியர் சைக்கிளில் அடிக்கடி கழன்றால் கடைக்குப் போங்கள்.

அறுந்துவிட்டால்? செயின் திறக்கும் கருவி இருந்தால் உடைந்த கண்ணியை நீக்கி இணைப்புக் கண்ணியைப் போடலாம். இல்லையென்றால் சீட்டைத் தாழ்த்தி, காலால் தரையை உந்திக்கொண்டு உருளுங்கள். நம்மூர்ச் சமதளத்தில் இது நடையைவிட வேகம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் அப்பாவின் பழைய கறுப்புச் சைக்கிள் இருக்கிறது. இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பஞ்சர் வேலை அப்படியே பொருந்தும். செயினைக் கழற்றுவது அதில் இன்னும் எளிது: ‘செயின் லாக்’ என்னும் மீன்வடிவத் தகட்டைத் திருப்புளியால் தள்ளினால் வந்துவிடும். திரும்பப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால் போகிற வழியில் கழன்று விழும். பெடல் தண்டு ‘கடக் கடக்’ என்று ஆடினால், தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ‘காட்டர் பின்’ என்னும் ஆணி தளர்ந்திருக்கிறது. கல்லால் தட்டி வீடுவரை வந்து சேரலாம், பிறகு மாற்றிவிட வேண்டும்.

அது ஹெர்குலிஸ் என்றால் உங்கள் ஊர்க்காரர் சைக்கிள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் பூர்வீகம் பள்ளத்தூர்தான்.

பிரேக் பிடிக்கவில்லை. சாலையிலேயே சரிசெய்யலாமா?

கம்பி தொய்ந்ததால் என்றால் சரிசெய்யலாம். பிரேக் பிடியில் கம்பி நுழையும் இடத்தில் உள்ள சிறு உருளைத் திருகை வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். போதாவிட்டால் கம்பியை இறுக்கியிருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தி, கம்பியை இழுத்து, முறுக்குங்கள். பிரேக் கட்டை டயரைத் தொடாமல் ரிம்மில் மட்டும் படுகிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய்க் கையால் தட்டைத் தொடாதீர்கள். எண்ணெயில் இயங்கும் வகை என்றால் சக்கரம் கழன்றிருக்கும்போது பிடியை அழுத்தாதீர்கள். கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது. சமதளம்தானே, ஒரு பிரேக் போதாதா என்கிறார்கள். தெருமுனையில் திரும்பும் மினிபஸ்ஸிடம் போய்ச் சொல்லுங்கள்.

இடப்பக்கப் பெடல் கழன்று கழன்று விழுகிறது.

இடப்பக்க மரை தலைகீழ். வழக்கம்போல் வலப்பக்கம் திருகினால் இறுகாது, கழலும். ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும் என்று நினைவில் வையுங்கள். ஆடும் பெடலோடு ஓட்டினால் தண்டின் மரை தேய்ந்து, தண்டையே மாற்ற வேண்டிவரும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நம் செம்மண் தூசியும் சமையல் எண்ணெயும் சேர்ந்தால் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். செயினுக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது. அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

எதையெல்லாம் சாலையில் தொடவே கூடாது?

சட்டத்திலோ முன்கவையிலோ வெடிப்புக் கண்டால் அன்றைய பயணம் முடிந்தது, தள்ளிக்கொண்டு வாருங்கள். வளைந்த கியர் கையைக் கையால் நிமிர்த்த வேண்டாம். சக்கரத்தில் பெண்டு எடுப்பது தனி வித்தை. தெரியாமல் போக்ஸைத் திருகினால் எட்டு வடிவம் பூரணமாகும். ஒரு போக்ஸ் அறுந்தால் அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ரிம் உரசினால் அந்தப் பிரேக்கை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக வாருங்கள்.

கையில் எந்தக் கருவியும் இல்லை. ஆளும் இல்லை. என்ன செய்வது?

டயரே கிழிந்து டியூப் பிதுங்கினால் பால் பாக்கெட் உறையை நான்காக மடித்து உள்ளே வைக்கலாம். குப்பையில் கிடக்கும் பழைய டயர்த் துண்டு இன்னும் நல்லது. பம்பு இருந்து ஒட்டு இல்லையென்றால், டியூபை ஓட்டையுள்ள இடத்தில் மடித்துக் கயிற்றால் இறுகக் கட்டிக் காற்றடித்தால் சில கிலோமீட்டர் தாங்கும். தடித்த டயரில்தான் இது சரிப்படும். பம்பும் இல்லையென்றால் டயருக்குள் வைக்கோலை நெருக்கித் திணிக்கலாம். அறுவடைக் காலத்தில் ஒருமுறை செய்திருக்கிறேன். மாட்டு வண்டியில் போவது போலத்தான் இருந்தது. ஆனால் போனது.

பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்களா?

டவுன்பஸ் நடத்துநர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். குட்டியானை எனப்படும் சரக்கு வண்டியைக் கைகாட்டுவது மேல். ரயிலில் பார்சலாகப் பதிவுசெய்து ஏற்றலாம். அது திட்டமிட்ட பயணத்துக்கு, பஞ்சருக்கு அல்ல.

விடுதியில் தரும் வாடகைச் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

கானாடுகாத்தான் தெருக்களோடு திரும்பிவிடுவீர்கள் என்றால் தேவையில்லை. ஆத்தங்குடிக்கு ஓடு செய்வதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் மூன்று காரியம்: டயரை அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், விடுதியின் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பம்பு தருவார்களா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் பெண். சாலையோரம் தனியாக உட்கார்ந்து இதைச் செய்வது சரிப்படுமா?

உட்காரும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோயில் வாசல், டீக்கடை, நாலு பேர் கண்ணில் படும் திருப்பம். அதற்காக அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனாலும் தவறில்லை. கூட்டம் சேரும், யோசனை சொல்லும், யாராவது ஒருவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கப் பார்ப்பார். “பரவாயில்லை அண்ணே, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றால் போதும்.

பெண்களுக்கு இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைவுபடுத்துங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிலவும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், படிக்கக் கற்றுக்கொண்ட கையோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் சில ஆயிரம் அல்ல, ஒரு லட்சம் பேர் என்று பேசப்பட்டது. அவர்களில் பலர் ஓட்டியது பாரில்லாத பெண்கள் சைக்கிள்கூட அல்ல, ஆண்கள் சைக்கிள்.

பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித்தரலாம்?

காற்றடிக்கும் வயது வந்தால் காற்றடிக்க, செயின் மாட்டும் வயது வந்தால் செயின் மாட்ட. 11-ஆம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் வீட்டுக்கு வரும் நாள் நல்ல நாள். புது வண்டியில் நட்டுகள் சரியாக முறுக்கியிருக்கிறதா என்று பிள்ளையையே பார்க்க வைத்துவிட்டு, முன்டயரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பரீட்சை வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை செய்தால் கைக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கும் அதேதான். சாலையில் செய்யும் பஞ்சர் உங்கள் முதல் பஞ்சராக இருக்கக் கூடாது.

நாமே எல்லாம் செய்துகொண்டால் மிச்சமிருக்கும் கடைக்காரர் பிழைப்பு என்ன ஆவது?

பஞ்சரை மட்டும் நம்பி யாரும் கடை வைத்திருக்கவில்லை. பெண்டு எடுக்க, பேரிங் மாற்ற, கிரீஸ் வைத்துப் பூட்ட ஆண்டுக்கு இருமுறை அவரிடம் போங்கள். வண்டியில் என்ன குறை என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரை அவர்களுக்குப் பிடிக்கிறது. நான் போகும் கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதால் கேட்டே எந்தப் போக்ஸ் தளர்ந்தது என்கிறார். அதை மட்டும் எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

நேரில் கற்றுத்தருவீர்களா?

தருவேன். பழைய டியூப் ஒன்று, சொல்யூஷன், உங்கள் சைக்கிள், ஒரு மணி நேரப் பொறுமை, இவற்றோடு வாருங்கள். பம்பும் உங்களுடையதாகவே இருக்கட்டும். என்னுடையதைப் போன மாதம் இரவல் வாங்கிப்போனவர், இன்னும் காற்றடித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.